நாற்பத்தொரு முட்டைகளும் நிறுத்தி வைத்த காரும்

பயப்படுவதில் எனக்கு நல்ல தேர்ச்சி உண்டு. கள்ளக்குறிச்சியில் உரக்கடை வைத்திருப்பவனுக்கு அது தொழிலோடு வருவது. மழை பெய்தால் மூட்டை நனையுமே என்று பயம், பெய்யாவிட்டால் மூட்டை விற்காதே என்று பயம். இரண்டுமில்லாத நாளில், இப்படிச் சும்மா இருக்கிறோமே என்று பயப்படுவேன். என் மனைவி வேறு ரகம். ஒருமுறை வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டது. நான் கட்டில்மேல் ஏறி நின்று ஊரைக் கூப்பிட்டேன். அவள் விளக்குமாற்றோடு வந்து, "ஏங்க, கொஞ்சம் கத்தாம இருங்க, அது பயந்துக்கப் போவுது" என்றாள்.

வீட்டின் பக்கவாட்டு அறையில் அவள் முட்டை பொரிக்கும் மிஷின் ஒன்று வைத்திருக்கிறாள். மேசை உயரத்துக்கு ஒரு பெட்டி. உள்ளே சில பல்புகள், ஒரு சின்ன ஃபேன், முட்டை அடுக்கும் தட்டுகள். முன்னால் சிவப்பு எண்ணில் சூடு தெரியும். அது முப்பத்தேழரையில் நிற்க வேண்டும். இருபத்தொரு நாள் அப்படியே நின்றால் குஞ்சு. மணலூர்பேட்டை, சின்னசேலம் பக்கத்திலிருந்தெல்லாம் நாட்டுக்கோழி முட்டை கொண்டுவந்து கொடுப்பார்கள். அந்த அறைக்குள் எனக்கு அனுமதி குறைவு. நான் உள்ளே போனாலே எண் மாறிவிடுகிறது என்பது அவள் கட்சி.

சென்ற கார்த்திகையில், கல்வராயன் மலையிலிருந்து ஒரு பெண் பஸ் ஏறி வந்தாள். வெள்ளிமலைக்கு அப்பால் சின்ன ஊர். சந்தைக்குச் சாமை கொண்டுவரும்போதெல்லாம் என் கடைக்கு வந்துபோகிறவள். என்னை அண்ணா என்பாள், அதனால் என் மனைவி அண்ணி. அன்றைக்கு மடியில் ஒரு தகர டின்னை வைத்துக்கொண்டே கூடத்தில் உட்கார்ந்தாள். டின் நிறையச் சாமை. கையை உள்ளே விட்டு ஒவ்வொன்றாக முட்டை எடுத்தாள். சாமைக்குள் புதைத்துக் கொண்டுவந்தால் அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் ஒன்றுகூட உடையாது. நாற்பத்து மூன்று வந்தன.

அவர்கள் ஊரில் கோழிகளுக்கு வெள்ளைக் கழிச்சல் நோய் வந்துவிட்டது. பத்தே நாளில் எல்லாக் கோழியும் போயிற்று. அவளிடம் இருந்தது மாமியார் காலத்திலிருந்து வரும் சின்ன உடம்புக் கோழி. ராத்திரியில் பலா மரத்தில் ஏறி அடையும், நரி வந்தால் காக்கை மாதிரிப் பறக்கும். நோய் வருவதற்கு முந்தைய வாரம் எடுத்து வைத்த முட்டைகள் மட்டும் பானையில் மிச்சம்.

"அடைக்கு வைக்க ஒரு பொட்டக்கோழி இல்லண்ணி. எங்க வூட்லயும் இல்ல, ஊருலயும் இல்ல. இதுவும் கெட்டுச்சுன்னா அந்தக் கோழி அவ்ளோதான். வேற எங்கயும் கிடைக்காது."

"வச்சுட்டுப் போம்மா. நான் பாத்துக்கறேன்" என்றாள் என் மனைவி.

அவ்வளவுதான் பேச்சு. ஒரு வாரம் கழித்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்ததில் இரண்டு கரு பிடிக்காத கூமுட்டை. மீதி நாற்பத்தொன்று.

பதினெட்டாம் நாள் காலையில் புயல் கரையேறியது. கரை எங்கேயோ இருக்கிறது, மழை மட்டும் எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது. ஏழு மணிக்குக் கரண்ட் போனது. எட்டு மணிக்கு, மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடக்கின்றன, இரண்டு மூன்று நாளாகும் என்று தெருவில் பேச்சு. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது. அதன் பேட்டரி என்னைப் போல, பார்வைக்கு வாட்டசாட்டமாக இருக்கும், வேலைக்கு ஆகாது. மனைவி ஃபேன், லைட் எல்லாவற்றையும் நிறுத்தி மிஷினுக்கு மட்டும் விட்டாள். அப்படியும் பதினோரு மணிக்கு அது 'கீ' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுப் படுத்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். கல்யாண மண்டபக்காரரை ஜெனரேட்டர் கேட்டேன். அது ஏற்கெனவே வேறெங்கோ போய்விட்டது. பாட்டில்களில் வெந்நீர் பிடித்து மிஷினுக்குள் வைக்கப்போய், ஒரு பாட்டிலை என் காலிலேயே போட்டுக்கொண்டேன். கம்பளிகளை எடுத்துவந்தேன். பிறகு, முட்டைகளை வயிற்றோடு கட்டிக்கொண்டு படுத்தால் என்ன என்று தோன்றி, பனியனைத் தூக்கி அளந்து பார்த்தேன். இடம் தாராளமாக இருந்தது.

"இன்னா பண்றீங்க?" என்றாள் மனைவி.

"யோசிச்சிக்கினு இருக்கேன்."

"பனியன எறக்கிட்டு யோசிங்க."

கடைசியில் பேட்டரிக் கடைக்காரனுக்குப் போன் போட்டேன். என்னைவிடப் பத்து வயது இளையவன், உளுந்தூர்பேட்டை ரோட்டில் லாரிகளுக்குப் பேட்டரி மாட்டிக் கொடுப்பவன்.

"அண்ணா, ஒரு பேட்டரி கெடையாது. ஊரே என் கடை வாசல்ல நிக்குது."

"அப்ப முட்டைய இன்னாடா பண்றது?"

"ஆம்லெட்டு."

"டேய்!"

"சும்மா சொன்னேண்ணா. உங்க காரு வூட்லதான இருக்குது? அந்த பெட்ரோலு, பேட்டரி ரெண்டும் இருக்கிற வண்டி?"

"இருக்குது. இந்த மழையில அத எடுத்துக்கினு எங்கடா போறது?"

"எங்கயும் போவ வேணாம். அது காரு இல்லண்ணா, சக்கரம் வச்ச ஜெனரேட்டரு. நான் வரேன், இருங்க."

அந்தக் கார் நான் இரண்டு வருடத்துக்கு முன்பு பழசாக வாங்கிய ஹைபிரிட் வண்டி. மைலேஜ் வரும் என்று வாங்கினேன். கேலிதான் முதலில் வந்தது. பக்கத்து வீட்டில் இருப்பவர் ரிட்டயரான பஸ் கண்டக்டர். நான் சத்தமில்லாமல் தெருவுக்குள் வரும்போதெல்லாம், "இன்னாப்பா, வண்டி ஓடுதா, இல்ல மேல இருந்து உருண்டுக்கினு வருதா?" என்பார். இந்த ஊரில் கரும்பு டிராக்டரும் நெல் அறுக்கும் மிஷினும் கேட்டு வளர்ந்த காதுகள். சத்தம் வந்தால்தான் வண்டி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்படித்தான். சிக்னலில் இன்ஜின் அடங்கினால், நின்றுவிட்டதோ என்று இன்றும் என் கை பட்டனுக்குப் போகும்.

ஜெனரேட்டர் என்று அவன் சொன்னதும் எனக்கு வேகம் வந்துவிட்டது. அவன் வருவதற்குள் தயாராக இருப்போம் என்று, ஷெட்டில் நின்ற காரை அங்கேயே ஸ்டார்ட் செய்து, மழைச் சாரல் அடிக்கக் கூடாதென்று ஷட்டரையும் இழுத்து விட்டேன். அரைமணியில் மொபெட்டில், தலையில் பிளாஸ்டிக் கவரோடு வந்தவன் ஷட்டரைத் தூக்கிப் பார்த்துக் கத்தினான்.

"இன்னாண்ணா வேலை இது! மூடுன எடத்துல இன்ஜின் ஓடுனா அந்தப் புகை ஆள அப்படியே தூங்க வச்சிடும். வாசனை கூடத் தெரியாது. குஞ்சு வர்றதுக்குள்ள உங்களத் தூக்கிக்கினு போயிருப்போம்."

காரை வெளியே எடுத்து, பின்பக்கம் தெருவைப் பார்க்க நிறுத்தச் செய்தான். பையிலிருந்து செங்கல் அளவுக்கு ஒரு பெட்டியை எடுத்தான். லாரி டிரைவர்கள் கேபினில் ஃபேன் போட, போன் சார்ஜ் ஏற்ற வைத்துக்கொள்ளும் சின்ன இன்வெர்ட்டர். பானெட்டைத் திறந்து, காரின் சின்ன பேட்டரியோடு அதை மாட்டினான். அதிலிருந்து ஒரு ஒயர் ஜன்னல் வழியாக நேரே மிஷினுக்குப் போனது.

"அப்படியே வீட்டு போர்டுல சொருகுனா எல்லா ரூமுக்கும் லைட் வருமே?" என்றேன். எனக்கு ஆசை அளவில்லாமல் வரும்.

"வரும். அப்படியே லைனுக்கும் ஏறும். கம்பத்து மேல லைன்மேன் நிப்பாரு. அவரு வூட்ல யாருண்ணா பதில் சொல்றது?"

அவன் டேஷ்போர்டில் ஒரு பச்சை விளக்கைக் காட்டினான். அதில் 'ரெடி' என்று எரிந்தது.

"இது எரிஞ்சா வண்டி ஓடுதுன்னு அர்த்தம். உள்ள இருக்கிற பெரிய பேட்டரி இந்தச் சின்ன பேட்டரிய நெரப்பிக்கினே இருக்கும். பெருசு எறங்குனா இன்ஜின் தானா எழுந்து ஓடும், நெரம்புனா தானா நிக்கும். நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். சத்தத்தக் கேக்காதீங்க, பச்சைய மட்டும் பாருங்க."

பல்பு எரிந்தது. முப்பத்து மூன்றுக்கு இறங்கியிருந்த சிவப்பு எண் மெல்ல ஏறி, ஒரு மணி நேரத்தில் முப்பத்தேழரையில் வந்து நின்றது. நான் தெருவில் நின்று நாலு பேருக்கு விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தேன். கண்டக்டர் தன் வீட்டு போன்கள் மூன்றைக் கொண்டுவந்து காரின் பின்சீட்டில் சார்ஜ் போட்டார். கொஞ்ச நேரத்தில் தெருவே வந்தது. அவரே சீட்டு எழுதி, முறை வைத்து, "அடுத்தது யாரு, உள்ள தள்ளு, உள்ள தள்ளு" என்று பழைய உத்தியோகத்தில் மறுபடி சேர்ந்துவிட்டார். எதிர்வீட்டு அம்மா சட்னி அரைக்க மிக்ஸியோடு வந்தபோது மட்டும் என் மனைவி குறுக்கே நின்றாள். "போன் மட்டுந்தான்க்கா. மிக்ஸி போட்டா மிஷின் நின்னுடும். அம்மில அரைச்சுக்குங்க."

இருட்டியதும் எனக்கு அடுத்த பயம் வந்தது. சாவியோடு ஓடிக்கொண்டிருக்கிற கார் வாசலில் நிற்கிறது. உள்ளே விளக்கு மின்னுகிறது. எவனாவது ஓட்டிக்கொண்டு போய்விட்டால்? வெளிச்சம் தெரியாமலிருக்க என் துண்டை எடுத்து டேஷ்போர்டு முழுக்கப் போர்த்திவிட்டேன். ரொம்ப சாமர்த்தியமாகப்பட்டது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு எழுந்து வந்தேன். மழை விட்டிருந்தது. கார் பக்கத்தில் போய் நின்று காது கொடுத்தேன். சத்தம் இல்லை. இன்னும் ஐந்து நிமிடம் நின்றேன். இல்லை. செத்துவிட்டது என்று முடிவு செய்தேன். பச்சை விளக்கு என் துண்டுக்கு அடியில் சமர்த்தாக எரிந்துகொண்டிருந்திருக்கும். துண்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. பதற்றத்தில் கையை உள்ளே விட்டு ஸ்டார்ட் பட்டனை அழுத்தினேன். ஓடிக்கொண்டிருந்த வண்டியை நானே அணைத்தேன்.

அணைத்தது தெரியவில்லை, ஏனென்றால் ஓடியதும் தெரியவில்லை. உள்ளே ஓடிப்போய்ப் பார்த்தேன். மிஷினில் பல்பு எரிகிறது. சின்ன பேட்டரியில் மிச்சமிருந்த கரண்ட் அது. எனக்கென்ன தெரியும்? என் புத்திசாலித்தனத்தால் வண்டி பிழைத்தது என்று நினைத்து, வரக்காப்பி போட்டு மனைவிக்கும் ஒரு டம்ளர் கொடுத்தேன். "என்ன இன்னிக்கு இவ்ளோ அன்பு?" என்றாள்.

எட்டு மணிக்கு இன்வெர்ட்டர் கீச்சிட்டு நின்றது. நான் காரில் உட்கார்ந்து பட்டனை அழுத்தினேன். துண்டை எடுத்தேன். பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. கதவு விளக்குகூட எரியவில்லை. பேட்டரிக் கடைக்காரனைப் போனில் பிடித்தேன்.

"அண்ணா, பட்டன அமுக்குனீங்களா?"

"லேசா."

"அதுல லேசு கனமெல்லாம் கெடையாதுண்ணா. சின்ன பேட்டரி காலி. பெருசுல எவ்ளோ இருந்தாலும், சின்னது எழுப்பி விட்டாத்தான் அது எழுந்துக்கும். வேற வண்டில இருந்து ஒயர் குடுங்க. இந்தப் பக்கம் தண்ணி ரோட்டத் தாண்டி ஓடுது, நான் வர முடியாது."

உள்ளே எட்டிப் பார்த்தேன். மனைவி மிஷின்மேல் கம்பளிகளைப் போர்த்தி, அதன்மேல் இரண்டு கையையும் வைத்து நின்றாள்.

"எவ்ளோ?"

"முப்பத்து நாலு. எறங்குது" என்றாள். பிறகு, "அவகிட்ட நான் பாத்துக்கறேன்னு சொன்னேங்க" என்றாள்.

தெருவில் ஓடினேன். தெருமுனையில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று முந்தைய நாளிலிருந்து நின்றது. ஆலைக்குப் போகும் வழியில் தண்ணீர். டிரைவர் கரும்புக்கு அடியில் சாக்கைப் போட்டுப் படுத்திருந்தார். எழுப்பி விஷயத்தைச் சொன்னேன். முதலில் கரும்பு கேட்க வந்திருக்கிறேன் என்றே நினைத்தார். பிறகு இறங்கி வந்து என் காரை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"இம்மாம் பெரிய காரு, என் வண்டியக் கேட்டுத்தான் எழுந்துக்கணுமா?"

"ஆமாங்க. கொஞ்சம் சீக்கிரம்."

"யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லியா?"

"முட்டைக்கு."

அவர் டிரெய்லரை அவிழ்த்துவிட்டு டிராக்டரைக் கார் மூக்கருகே கொண்டுவந்தார். சீட்டுக்கு அடியிலிருந்து தடித்த ஒயர்களை எடுத்தார். பேட்டரிக் கடைக்காரன் ஸ்பீக்கரில் "ப்ளஸ்ஸுக்கு ப்ளஸ்ண்ணா, மாத்திக் குடுத்துடாதீங்க, சிவப்பு மூடிண்ணா" என்று கத்த, கண்டக்டர் அதைத் தெருவுக்கே திருப்பிச் சொல்ல, நான் கையை எங்கும் வைக்காமல் தள்ளி நிறுத்தப்பட்டேன். மனைவிதான் காரில் உட்கார்ந்து, பிரேக்கை மிதித்து, பட்டனை அழுத்தினாள். பச்சை எரிந்தது. இன்ஜினும் உடனே எழுந்து உறுமியது. அவ்வளவு இனிமையான சத்தத்தை அதற்குமுன் நான் கேட்டதில்லை.

அதற்குள் மிஷினில் எண் முப்பதைத் தொட்டிருந்தது. மறுபடி ஏறிவிட்டது. ஆனால் உள்ளே என்ன ஆயிற்று என்று யாருக்குத் தெரியும்? முட்டை எதுவும் சொல்லாது.

அன்று மத்தியானம் முட்டை கொடுத்த மலைப் பெண் வந்து நின்றாள். மலையில் போனில் டவர் இல்லை. என்ன ஆனதென்று தெரியாமல், விடிந்ததும் நடந்து, பால் வண்டி ஏறி, கச்சிராயபாளையத்திலிருந்து ஒரு மினி லாரியில் வந்திருந்தாள். கால் முழங்கால்வரை சேறு.

"கரண்ட் இல்லன்னாங்களே, முட்டை..."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் ஒரு நல்ல பொய் யோசித்தேன். புயல்மேல் போட்டிருக்கலாம், அது மறுத்துப் பேசாது. ஆனால் அந்தச் சேற்றுக் காலைப் பார்த்துவிட்டு வாய் வரவில்லை.

"நான்தாம்மா அணைச்சிட்டேன். ஓடற வண்டிய, நின்னுடுச்சுன்னு நெனச்சு அணைச்சிட்டேன். ரெண்டு மணி நேரத்துக்கு மேல சூடு இல்ல. என் தப்புதான்."

அவள் வாசலில் காலைக் கழுவிவிட்டு உள்ளே வந்தாள். பிறகு என் மனைவியைப் பார்த்து, "அண்ணி, ஒரு அகலமான பாத்திரத்துல வெதுவெதுன்னு தண்ணி குடுங்க" என்றாள்.

கூடத்தில் உட்கார்ந்து, புறங்கையில் தண்ணீர் விட்டுச் சூடு பார்த்தாள். ஓட்டில் கீறல் எதுவும் இல்லையே என்று விரலால் தடவிவிட்டு, முதல் முட்டையைத் தண்ணீரில் விட்டாள். மிதந்தது. தண்ணீர் அடங்கும்வரை மூவரும் குனிந்து பார்த்தோம். முட்டை அப்படியே நின்றது. அதை எடுத்துத் துடைத்துத் தனியே வைத்தாள். அடுத்ததை விட்டாள். தண்ணீர் அடங்கியது. முட்டை நின்றது. பிறகு, யாரோ கீழேயிருந்து விரலால் சுண்டியதுபோல, ஒரு பக்கம் வெட்டிச் சாய்ந்தது. மறுபடி ஒரு வெட்டு.

"உள்ள காலு ஒதைக்குது" என்றாள். முதல்முறையாகச் சிரித்தாள். "பொழைச்சிக்கினண்ணா நீ."

ஐந்து ஐந்தாகப் பார்த்துத் துடைத்துத் துடைத்து மிஷினுக்குள் வைத்தோம். முப்பத்து நான்கு அசைந்தன. அசையாத ஏழு முட்டைகளைத் தூக்கிப் போடப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். "எல்லாமே ஒதைக்குமா? ஒண்ணு ரெண்டு உன்னைமாதிரி பயந்துகினு கம்முனு இருக்கும். வையி உள்ள."

அன்றும் மறுநாளும் அவள் எங்கள் வீட்டிலேயே தங்கினாள். காரைப் பார்க்கும் வேலை அவளுக்கு. மணிக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாசலிலிருந்தே, "அண்ணி, பச்சை இருக்குது" என்று குரல் கொடுப்பாள். எனக்குக் காரை இரண்டு கை தூரத்துக்குள் நெருங்கத் தடை. பெட்ரோல் வாங்கி வருவதற்கு மட்டும் கேனோடு அனுப்பினார்கள்.

மூன்றாம் நாள் காலையில் மிஷினுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. சாயங்காலத்துக்குள் முப்பத்திரண்டு குஞ்சுகள், ஈரம் காய்ந்து, பழுப்பும் கறுப்புமாகக் கோடு போட்டு நின்றன. அசையாத ஏழில் ஒன்று, எல்லாம் முடிந்தது என்று நாங்கள் எழுந்தபிறகு ஓட்டைக் குத்திக்கொண்டு வந்தது. கரண்ட் மறுநாள்தான் வந்தது. அப்போது குஞ்சுகள் குருணை தின்றுகொண்டிருந்தன.

தடுப்பு மருந்து போட்டு, ஒரு மாதத்துக்கு மேல் என் மனைவியே வளர்த்தாள். தை பிறந்தபின் காரிலேயே மலைக்குக் கொண்டுபோனோம். ஊருக்குள் போனதும் எனக்கு என்னவோ குறைவதுபோல இருந்தது. மலை ஊரில் காலை பத்து மணிக்கு ஒரு சேவல் குரல் இல்லை, குப்பையைக் கிளறும் கோழி ஒன்றில்லை. அந்த ஊர்ப் பெண்களும் சுற்று ஊர்ப் பெண்களும் கூடைகளோடு வந்து காத்திருந்தார்கள்.

முப்பத்து மூன்றையும் அவள் வைத்துக்கொள்வாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் தனக்கு ஐந்தை எடுத்துக்கொண்டு, மற்றதை வீட்டுக்கு இரண்டு, மூன்றாகப் பிரித்துக் கொடுத்தாள். வளர்த்து, அது வைக்கும் முட்டையில் வரும் குஞ்சில் பாதி அவளுக்கு. அது அவர்கள் ஊர் ஏற்பாடு.

"எல்லாத்தையும் குடுத்துட்டியேம்மா. நாய் தூக்கினா? பருந்து தூக்கினா?" என்று நான் ஆரம்பித்தேன்.

"ஒரே ஊருல வச்சித்தான போன தடவ எல்லாம் போச்சு? இப்ப நாலு ஊருல பன்னெண்டு வூட்ல இருக்குது. எந்த நோவு வந்தாலும் பன்னெண்டு வூடும் ஏறி எறங்கணும்ல?" என்றாள். "நீ ஆடிக்கு வாண்ணா. சேவல் கூவுற கூவுல ஒன்னால இங்க தூங்க முடியாது."

என் மனைவி கடைசிக் கூடையில் இரண்டு பெட்டையை வைத்து மூடிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்ட பெண் மூடியைத் திறந்து ஒருமுறை பார்த்துவிட்டு, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேட்டில் ஏறிப் போனாள்.